வேலை கிடைத்ததைச் சொல்லப் போனவர்

வேலை கிடைத்தவுடன் மனிதர்கள் செய்கிற காரியங்கள் சில உண்டு. வீட்டுக்கு ஓடிச் சொல்வார்கள். முடி வெட்டிக்கொள்வார்கள். நாலு மாதமாகத் தன்னைக் கண்டால் தெரு மாறிப் போன சொந்தக்காரர் வீட்டுக்கு வேண்டுமென்றே போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டு வருவார்கள். மெத்தைப் பட்டறையில் ஓரம் தைக்கிற வேலை கிடைத்த நம்மாள் இந்த மூன்றையும் வரிசையாகச் செய்து முடித்தார். அதோடு நின்றிருக்கலாம். நாலாவதாகவும் ஒன்று செய்தார். அரசாங்கத்தின் வேலைத் துணை மையத்துக்குப் போய், "எனக்கு வேலை கிடைச்சிருச்சு, என் பேரை எடுத்துருங்க" என்றார்.

இப்படி ஒருவர் வந்து சொன்னது அந்த மையத்தின் ஏழு வருஷச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

மனைவி முதல் நாளே சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, பேரு அங்க கெடந்தா கெடந்துட்டுப் போகுது. அதுக்கு என்ன சோறா போடப்போறோம்?"

"அப்படி இல்ல. வேற ஒருத்தருக்குப் போகவேண்டிய வேலை, தப்பித் தவறி என் பேருக்கு வந்துட்டா?"

"நாலு மாசமா வராதது, இனிமே வழி கேட்டுக்கிட்டு வந்துரும்!"

அவர் கேட்கவில்லை. பதிந்தவர் நாம், நீக்க வேண்டியவரும் நாம்தானே என்பது அவருடைய நியாயம். பட்டறையிலிருந்து மையம் இரண்டு தெரு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். சாப்பாட்டுத் தூக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். "டோக்கன் எடுத்தீங்களா?" என்றார், நிமிராமல்.

"எடுத்தேம்மா. வேலை கிடைச்சிருச்சு."

"யாருக்கு?"

"எனக்கு."

அம்மாள் நிமிர்ந்தார். "எப்படி?"

"மெத்தைப் பட்டறையில போய்க் கேட்டேன். ஒரு மெத்தை தச்சுக் காட்டுன்னாங்க. காட்டினேன். நாளைக்கு வான்னாங்க."

"நீங்களாவே போய்க் கேட்டீங்களா?" என்றார் அம்மாள், இவர் சுவரேறிக் குதித்துவிட்டு வந்ததைப்போல. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து தேடினார். வேலை தேடுவோருக்கு வெள்ளைப் படிவம் இருந்தது. வேலை இழந்தோருக்கு மஞ்சள். தேடித் தேடி அலுத்தோருக்கு நீலம். கிடைத்தவருக்கு எந்த நிறத்திலும் ஒன்றும் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை. "கொஞ்சம் இருங்க சார்" என்று எழுந்து உள்ளே போனார். நாலு மாதத்தில் அந்த ஜன்னலில் அவருக்குக் கிடைத்த முதல் 'சார்' அது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஊழியர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அருகில் வந்து தோளைத் தொட்டே பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் இயக்குநரே வெளியில் வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

இயக்குநரின் அறைச் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று மாட்டியிருந்தது. பதிவு செய்தோர்: நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆலோசனை பெற்றோர்: பதினோராயிரம். வேலை பெற்றோர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைத் தூசி தட்டி வைத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா," என்றார் இயக்குநர். "இந்த மாசத்துக்குள்ள அந்தக் கோட்டை மாத்தலைன்னா மையத்தையே மூடிருவோம்னு தலைமை அலுவலகத்துல சொல்லிட்டாங்க. நல்ல வேளையா நீங்க வந்தீங்க. ஆனா ஒரு சங்கடம். நீங்க வேலை தேடினது தப்பில்ல. கிடைச்சதுதான் கொஞ்சம் அவசரப்பட்டு நடந்துருச்சு."

"அவசரமா சார்? நாலு மாசம் ஆச்சே."

"மொத்தம் ஆறு படி. பதிவு, ஊக்கம், நேர்காணல், பணியிட ஆய்வு, ஆணை வழங்கல், தக்கவைப்பு. நீங்க முதல் படியில நின்னுக்கிட்டு மாடிக்குத் தாவிட்டீங்க. படி ஏறாம கிடைச்ச வேலை கணக்குல வராது. விதியும் இருக்கு. பதிவுல இருக்கற ஆளை மையத்தோட சிபாரிசு இல்லாம வேலைக்கு வச்சா, வச்சவங்களுக்கு நோட்டீஸ் போகும். நாலு பிரதியில விளக்கம் எழுதணும். வியாழக்கிழமை தோறும் விசாரணைக்கு வரணும்."

நோட்டீஸ் என்றதும் நம்மாள் பயந்துபோனார். அதற்குக் காரணம் உண்டு.

பட்டறையை நடத்துகிறவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சில் கறார்; தைப்பதில் அதைவிடக் கறார். ஒரு காலத்தில் பட்டறைப் பெயர்ப்பலகையின் எழுத்து அளவு சரியில்லை என்று ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்காக ஒரு வருஷம் அங்கே நடந்தார். பிறகு ஒரு நாள் ஏணி போட்டுப் பலகையையே கழற்றி உள்ளே எறிந்துவிட்டார். பலகையைக் கழற்றியவருக்கு ஆளைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? தவிர, இவர் இன்னும் சோதனைக் காலத்தில் இருந்தார். இரண்டு மாதம். "மூணு நாள் லீவு எடுத்துக்கலாம். நாலாவது நாள் எடுத்தா அஞ்சாவது நாள் வரவேண்டாம்" என்று சேர்த்துக்கொண்ட அன்றே அக்கா சொல்லியிருந்தார். நாலு மாதம் சும்மா இருந்த வீட்டில் இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"மூணு நாள்ல முடிஞ்சிருமா சார்?" என்று கேட்டார்.

"மனசு வச்சா முடியாதது உண்டா?" என்றார் இயக்குநர். யார் மனசு என்று சொல்லவில்லை.

முதல் விடுப்பு ஊக்கப் பயிற்சிக்குப் போயிற்று. இருபது நாற்காலி போட்ட கூடத்தில் இவர் ஒருவர்தான். பயிற்சியாளர் அந்த இருபது நாற்காலியையும் பார்த்துப் பேசினார்.

"கண்ணை மூடுங்க. உங்களுக்கு வேலை இல்ல. காலையில எழுந்திரிக்கிறீங்க, எங்க போறதுன்னு தெரியல. மனசு பாரமா இருக்கு. இருக்கா?"

"இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"காலையில எழுந்தா பட்டறைக்குப் போறேனே."

பயிற்சியாளர் அருகில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்க முகத்துல ஏக்கமே இல்லையே. நான் எதைப் போக்கறது? கொஞ்சம் ஒத்துழைங்க. வீட்டுல ஏதாச்சும் கஷ்டம் இருக்கும்ல, அதை நெனைச்சுக்கோங்க."

நம்மாள் நினைத்தார். இதைக் கேள்விப்பட்டால் அக்கா என்ன சொல்வார் என்று நினைத்தார். முகம் தானாகத் தொங்கிவிட்டது.

"அருமை!" என்றார் பயிற்சியாளர். பிறகு மாலைவரை அந்த ஏக்கத்தை நீக்கினார்.

இரண்டாவது விடுப்பு நேர்காணலுக்கு. இயக்குநரும் பயிற்சியாளரும் இன்னொருவரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மெத்தை ஓரம் தைப்பவர் என்ற பணியிடத்துக்கான நேர்காணல் என்று பலகையில் எழுதியிருந்தது.

"இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"மெத்தைக்கு ஓரம் தைக்கிறேன்."

"அப்படிச் சொல்லக்கூடாது. வேலை இல்லன்னு சொல்லணும்."

"இருக்கே சார்."

"இருந்தா இங்க எதுக்கு வந்தீங்க?"

"அதான் எனக்கும் புரியல."

மூன்று பேனாக்களும் ஒரே சமயத்தில் எழுதின. மூன்றாமவர், அதுவரை வாய் திறக்காதவர், கேட்டார்: "அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"மேஜையைச் சுத்தித்தான் சார். மெத்தை மேஜையில கெடக்கும், மெஷின் தண்டவாளத்துல அதைச் சுத்தி ஓடும், நான் ஓர நாடாவைப் புடிச்சுக்கிட்டு கூடவே நடக்கணும். ஒரு நாளைக்கு எழுபது சுத்து. அஞ்சு வருஷம் கழிச்சு வந்தாலும் அங்கயேதான் பாக்கலாம்."

"முன்னேறணும்ங்கற எண்ணமே இல்ல" என்று அவர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார்.

நூற்றுக்கு முப்பத்தெட்டு. தகுதி இல்லை. அந்தப் பணியிடத்துக்கு வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்; அவரை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். முதலிடம் காலியாக விடப்பட்டது.

மறுநாள் பட்டறையில் அக்கா அவர் தைத்த மெத்தையைக் கையால் தடவிப் பார்த்து, "மூலை நாலும் அச்சுல வார்த்தாப்பல இருக்கு" என்றார். நம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தேறாதவன் தைத்தது என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சொல்லவில்லை.

மூன்றாவது விடுப்பு மறுநேர்காணலுக்கு. இந்த முறை ஜன்னல் அம்மாள் வாசலிலேயே காதோரம் சொல்லிவிட்டார்: "எதைக் கேட்டாலும் 'கற்றுக்கொள்ள ஆர்வமாக உள்ளேன்'னு சொல்லுங்க சார். வேற எதையும் சொல்லிராதீங்க." உங்கள் பெயர் என்ன என்பதற்கும் நம்மாள் அதையே சொன்னார். தொண்ணூற்றொன்று வாங்கித் தேறினார்.

விடுப்பு தீர்ந்தது. படி மூன்று பாக்கி இருந்தது.

நாலாவது படி பணியிட ஆய்வு. அது பட்டறைக்கே வருகிறது என்பதால் நம்மாள் கொஞ்சம் மூச்சு விட்டார். அக்கா துணி எடுக்கச் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வரச் சொன்னார். இயக்குநர், பயிற்சியாளர், ஜன்னல் அம்மாள் மூவரும் அளவு நாடாவோடு வந்தார்கள். வாசலை அளந்தார்கள். விளக்கை எண்ணினார்கள். குடிதண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் இயக்குநர் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தொழிலாளி நின்னுக்கிட்டு இருக்கார்!"

"நடந்துக்கிட்டு இருக்கேன் சார். மெஷின் நகருதுல்ல."

"கண்ணியமான வேலைன்னா தொழிலாளிக்கு ஒரு நாற்காலி. விதியில தெளிவா இருக்கு. உட்காராம செய்ற வேலைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

மையத்திலிருந்து இயக்குநர் உட்காருகிற, அடியில் சக்கரம் வைத்த நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்தார்கள். நம்மாளை அதில் உட்காரவைத்தார்கள். மெஷின் ஓடியது, நாற்காலி ஓடவில்லை. பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளினார். நாற்காலி மெஷினை முந்திக்கொண்டு போயிற்று. "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே நம்மாள் ஒரு மெத்தையைச் சுற்றி முடித்தார். ஓரம் கடலலைபோல ஏறி இறங்கியிருந்தது. இயக்குநருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு!"

"எது?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

துணிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா நின்றார். அலையடிக்கிற மெத்தையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். நம்மாள் எழுந்து, நடந்ததை முதல் நாளிலிருந்து ஒன்று விடாமல், தேதிவாரியாகச் சொன்னார். மறைக்க இனி என்ன இருக்கிறது?

"அப்ப மூணு நாளும் இவங்ககிட்டதான் போனியா?"

"ஆமாக்கா."

"வேலை கிடைச்சதைச் சொல்லவா?"

"ஆமாக்கா."

அக்கா துணிக்கட்டைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். அந்த இடைவெளியைக் கண்டதும் இயக்குநருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நீங்க கவலையே பட வேண்டாம் அம்மா. எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். வர்ற புதன்கிழமை நகர மண்டபத்துல ஆணை வழங்கும் விழா. அன்னைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நீங்க இவரை வேலையை விட்டு எடுத்துரணும். ஏன்னா வேலை இருக்கறவருக்கு நாங்க வேலை குடுக்க முடியாது. பதினோரு மணிக்கு மேடையில குடுத்துருவோம். ரெண்டு மணி நேரந்தான். ஒரு மனுஷனுக்கு ஒரு வேலை கிடைக்கறதுக்கு எங்க மையத்துல பதினோரு பேர் ராப்பகலா உழைக்கிறோம். இவர் இல்லைன்னா நாங்க என்ன ஆவோம்னு நெனைச்சுப் பாருங்க!"

"புதன்கிழமை மாணவர் விடுதிக்கு இருநூறு மெத்தை போகணும்," என்றார் அக்கா. "ரெண்டு மணிக்கு லாரி கிளம்பலைன்னா அடுத்த முந்நூறும் கை மாறிரும். இவன் மேடையில நின்னா இங்க யாரு தைப்பா? மூணு நாள் முடிஞ்சது. நாலாவது நாள் போனா போனதுதான், நான் சொல்லை மாத்த மாட்டேன்."

"வரலைன்னா நோட்டீஸ் போகுமே அம்மா."

நம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். போனாலும் வேலை போகும், போகாவிட்டாலும் போகும். இதற்குத்தான் துணை மையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்போல என்று தோன்றியது.

அக்கா பதினோரு பேர் என்ற சொல்லையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கி, அவருக்கே பழக்கமில்லாத மரியாதையோடு சொன்னார்: "விழாவை இங்கயே வச்சுக்கோங்களேன் சார். உங்க ஆளுங்க எல்லாரும் வரணும். ஒருத்தர்கூட குறையக்கூடாது."

மண்டபத்துக்கு விண்ணப்பித்து அனுமதி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த இயக்குநர் உச்சி குளிர்ந்துபோனார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா நம்மாளிடம் வந்து, "உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு" என்றார்.

"சரிக்கா."

"நின்னு பாத்துக்கிட்டு இருக்காத. தையி."

அடுத்த இரண்டு மணி நேரம் அவர் வேலையில்லாதவராகவே பதினெட்டு மெத்தைகள் தைத்தார். பதினோரு மணிக்குப் பதினோரு பேரும் துணிப் பதாகையும் ஒலிபெருக்கியுமாக வந்து சேர்ந்தார்கள். இன்னும் இருபத்தேழு மெத்தை ஓரம் தைக்கக் கிடந்தது. தைத்து முடித்த நூற்று எழுபத்து மூன்று சுவரோரம் மலைபோல நின்றது. சுமக்கிறவர்களை அக்கா வேண்டுமென்றே அன்று வரச் சொல்லவில்லை. லாரி வாசலில் பின்பக்கம் காட்டி நின்றது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "பயனாளி மேடைக்கு வரவும்."

"நிறுத்த முடியாது சார், நாடா நடுவுல இருக்கு" என்றார் நம்மாள், நடந்துகொண்டே.

அவர் வராததால் விழா அவரிடம் போயிற்று. இயக்குநர் அவர் பக்கத்திலேயே மேஜையைச் சுற்றி நடந்துகொண்டு உரையை வாசித்தார். அவர் பின்னால் பயிற்சியாளர் பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறு முனையை இன்னொருவர். மற்றவர்களும் வரிசை குலையாமல் பின்தொடர்ந்தார்கள். "வேலை என்பது வெறும் வேலை அல்ல, அது ஒரு பயணம்," என்று நாலாவது சுற்றில் இயக்குநர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். மைக்கின் ஒயர் மேஜையை நாலு சுற்று சுற்றியிருந்ததால் ஐந்தாவதில் அவரால் நகர முடியவில்லை.

"ஆணையை வாங்கிக்கோங்க."

"கை காலியா இல்ல சார். சட்டைப்பையில வைங்க."

வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா முன்னால் வந்தார். "தட்டுன கை சூடா இருக்கும்போதே மெத்தையை ஆளுக்கு ஒரு முனையா புடிங்க. லாரி அங்க நிக்குது."

யாரும் அசையவில்லை. ஜன்னல் அம்மாள்தான் முதலில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "ஏழு வருஷமா உட்கார்ந்தே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு மெத்தையைத் தூக்கினார். "களப்பணி!" என்று இயக்குநர் அறிவித்தார். பெயர் கிடைத்துவிட்டதால் மற்றவர்களுக்கும் தயக்கம் போயிற்று. இரண்டிரண்டு பேராகச் சுமந்தார்கள். முதலில் இடித்துக்கொண்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு ஒருவருக்கொருவர் "இடது, இடது" என்று கத்திக்கொண்டார்கள். பயிற்சியாளர் முப்பதாவது மெத்தையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க முகத்துல இப்பதான் சார் ஏக்கம் நல்லா வருது" என்றார் ஜன்னல் அம்மாள். "எந்திரிங்க."

இருநூறாவது மெத்தை மணி ஒன்று ஐம்பத்தைந்துக்கு லாரியில் ஏறியது. லாரி போன பிறகு எல்லாரும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அக்கா நம்மாளிடம் வந்தார். "சோதனைக் காலம் போதும். நீ நிரந்தரம்." அவ்வளவுதான். ஒலிபெருக்கி, பதாகை எதுவும் இல்லாமல் அந்தக் காரியம் நடந்துவிட்டது. நம்மாள் நூலைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இயக்குநர் படிவத்தை நீட்டினார். "இன்னைக்கு இங்க எத்தனை பேர் வேலை செஞ்சாங்கன்னு போட்டு ஒரு கையெழுத்து."

"பன்னிரண்டு" என்று போட்டார் அக்கா. அது உண்மைதான். மையத்தின் கோப்புகளில் புகுந்த முதல் உண்மை.

பன்னிரண்டு என்ற எண்ணை இயக்குநர் இரண்டு தடவை படித்தார். ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தவர் அவர். 'வேலை பெற்றோர்: பன்னிரண்டு' என்று எழுதி, பன்னிரண்டு பெயர்களையும் இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அன்றே அனுப்பினார்.

பதில் இரண்டே வாரத்தில் வந்தது. முதல் பத்தியில் பாராட்டு. இரண்டாவது பத்தி: வேலை பெற்ற பன்னிருவரில் பதினொருவரின் பெயர்கள் மைய ஊழியர் பட்டியலிலும் இருப்பதாலும், ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளில் இருக்க விதியில் இடமில்லாததாலும், அவர்கள் புது வேலையில் சிறக்க வாழ்த்தி, மையப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். மூன்றாவது பத்தி: பன்னிரண்டாமவர் ஆணை பெறும் முன்பே வேலையில் இருந்தவர் எனத் தெரியவருவதால் அவர் திட்டத்துக்குத் தகுதியற்றவர், அவர் பெயர் நீக்கப்படுகிறது.

திங்கட்கிழமை காலை பதினோரு பேரும் பட்டறை வாசலில் நின்றார்கள். விடுதிக்காரர்கள் அடுத்த முந்நூறு மெத்தைக்குச் சொல்லியனுப்பியிருந்த சமயம். அக்கா அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நம்மாளிடம் திரும்பினார்.

"நீதானே கூட்டிட்டு வந்தே. நீயே வச்சுப் பாத்துக்கோ. ரெண்டு மாசம் சோதனை, மூணு நாள் லீவு, எல்லாருக்கும் ஒண்ணுதான். தைக்கத் தெரிஞ்ச ஆளுதான் இன்னும் நாலு பேர் வேணும், எங்க போய்த் தேடுறது?"

ஜன்னல் அம்மாள் கைப்பையைத் திறந்தார். மையத்தின் பதிவேட்டை அங்கேயே விட்டுவிட்டு வர மனமில்லாமல் எடுத்து வந்திருந்தார். விரலால் வரிசையாகத் தடவி, தையல் தெரிந்த நாலு பேருக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் நாலு பேரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மெத்தை தைத்துக் காட்டினார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர்களும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ஏழு வருஷமாக நடக்காத காரியம் ஏழு நிமிடப் பேச்சில் முடிந்ததைப் பற்றி ஜன்னல் அம்மாளே வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநருக்குப் பஞ்சு நிரப்பும் வேலை. சாயங்காலம் அவர் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக, நம்மாளின் மேஜைப் பக்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். தக்கவைப்பு என்ற ஆறாவது படியைப் பற்றி நாற்பது பக்கத்துக்குக் கையேடு எழுதியவர் அவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஒண்ணு கேக்கணும். இந்த வேலை போகாம இருக்கறதுக்கு நான் என்ன செய்யணும்?"

நம்மாள் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்:

"நாளைக்கும் வாங்க சார்."